சீனி கிளினிக்கில் வாங்கிய நல்ல பேர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் பெற்றது நாலு, தங்கை விட்டுப்போனது இரண்டு. ஆறு பேரையும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமந்தே வளர்த்தேன். ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. பட்டினி கிடந்தது நான்தான். அதுவும் பிள்ளைகள் எல்லாம் தலையெடுத்த பிறகு, டொக்டரிடம் நல்ல பேர் வாங்குவதற்காக.

சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், எனக்கு ஐம்பதைத் தாண்டித்தான் வந்தது. மாதம் ஒருமுறை மாத்தளைக்குப் போய் கிளினிக்கில் இரத்தம் கொடுக்க வேண்டும். சீனி கூடியிருந்தால் அத்தனை பேர் முன்னால் ஏச்சு விழும். அதற்குப் பயந்து எல்லோரும் ஒரு வேலை செய்வோம். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போதே வாயைக் கட்டுவோம். இரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் பஸ் ஸ்டாண்டுக் கடையில் இனிப்பான டீயும் பணிசும் சாப்பிடுவோம். டொக்டரும் ஏமாறுவார், நாங்களும் ஏமாறுவோம்.

நான் அவர்களைவிட ஒருபடி மேலே போனேன். நாட்டில் யுத்தம் முடிவதற்கு முந்திய வருடங்கள் அவை. மூன்று நாள் கட்டிய வாயை அதன் பிறகும் திறக்கத் தோன்றவில்லை. ரொட்டியில் பாதி தின்றாலே வயிறு முட்டியது. பசியை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாதா மாதம் சீனி இறங்கியது. "இந்த அம்மாவைப் பாருங்க" என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சீனி அளவு எழுதும் என் கொப்பியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் கொப்பியைத் தூக்கிக் காட்டி யாரும் புகழ்ந்ததே இல்லை. அன்றைக்கு லயத்தில் நாலு வீடு ஏறி அதைச் சொன்னேன்.

மெலிந்தேன். சீனிதானே என்றேன். படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதுவும் சீனிதான். விடியும்போது சேலை வியர்வையில் நனைந்திருந்தது. அதற்கும் சீனியைத்தான் சொன்னேன்.

கிளினிக் வாங்குப் பலகையில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவார் ஒரு முஸ்லிம் அம்மா. டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

"என்ன அக்கா, ஒங்கட சட்டைக்குள்ள இன்னொரு ஆள் புகலாம் போல ஈக்கே?"

"வாயைக் கட்டுனா ஒடம்பு எறங்கத்தான் செய்யும். நீங்களும் கட்டிப் பாருங்க."

"நானும் மூணு நாளா கட்டித்தான் வந்தீக்கேன். இப்ப முழு ஆட்டைத் தந்தாலும் தின்பேன். ஒங்களுக்குப் பசிக்கல்லயா?"

"பசியா? அதை நான் வெரட்டிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. என் முறை வந்தபோது கூடவே எழுந்து வந்து, புதிதாய் வந்திருந்த டொக்டரம்மாவிடம் சிங்களத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்: இவருக்குப் பசியே இல்லையாம், கொஞ்சம் பாருங்கள் என்று. எனக்கு வந்த கோபம்! வாங்கி வைத்த நல்ல பேரைக் கெடுக்கிறாளே என்று.

டொக்டரம்மா கொப்பியை மூடி வைத்தார். படுக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே அமுக்கினார். அங்கே கெட்டியாக ஏதோ இருந்தது எனக்கே தெரிந்தது. மண்ணீரல் வீங்கி இரைப்பையை நெருக்குகிறது, அதனால்தான் இரண்டு வாயில் வயிறு நிறைகிறது என்றார். பசியை நான் ஜெயிக்கவே இல்லை.

வேறு இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மகன் கூட வந்தால் வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறக்கி விசாரிப்பார்கள், எப்போது விடுவார்களோ தெரியாது. அதனால் மருமகள் வந்தாள். இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நின்றோம். அவள் தோளில் சாய்ந்துதான் நின்றேன். அங்கே இடுப்பெலும்பில் ஊசி குத்திப் பார்த்தார்கள். இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள்.

"அழுவாதீங்க மாமி" என்றாள் மருமகள், அவள் அழுதுகொண்டே.

நான் அழவில்லை. ஒரு கேள்விதான் என்னைக் குடைந்தது. மாத்தளைக்குத் திரும்பியதும் டொக்டரம்மாவிடமே கேட்டேன்: "சீனிதான் இப்படி மாறிடுச்சா? நான் ஏமாத்துனதாலயா?"

அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "இல்ல அம்மே. சீனி புற்றுநோயா மாறாது. சீனி உள்ள ஆட்களுக்குச் சில இரத்தப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலா வரலாமான்னு படிச்ச ஆட்கள் தேடிப் பாக்கிறாங்க. இன்னும் சரியாத் தெரியாது. நீங்க பிழை செஞ்சு வந்தது இல்ல. ஆனா மெலிஞ்சா, களைச்சா, எல்லாத்தையும் சீனி தலையில போட வேணாம்." பிறகு என் கையைத் தட்டி, "இதுக்கு இப்ப மாத்திரை இருக்கு" என்றார்.

தினம் ஒரு மாத்திரை. முதலில் கண் இமை வீங்கியது, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. விடாமல் விழுங்கினேன். சில மாதம் போனது. ஒரு காலையில் மருமகள் தேங்காய் ரொட்டி சுட்டாள். ஒன்று தின்றேன். இன்னொன்று கேட்டேன். மூன்றாவதைக் கேட்காமலே எடுத்தேன்.

"மாமி, நாளைக்கு கிளினிக்!"

"இருக்கட்டும்டி."

மறுநாள் சீனி ஏறித்தான் இருந்தது. டொக்டரம்மா அத்தனை பேர் முன்னால் ஏசினார். ஏசிக்கொண்டே விலாவுக்குக் கீழே அமுக்கினார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். கொப்பியில் எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு வாங்கிய ஏச்சு மாதிரி ஒரு புகழ்ச்சியை நான் கேட்டதில்லை.

சீனி மாத்திரை, புற்றுநோய் மாத்திரை இரண்டையும் இன்றுவரை எடுக்கிறேன். கிளினிக்குக்காக வாயைக் கட்டுவதில்லை. எல்லா நாளும் ஒரே அளவுச் சாப்பாடுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பேத்தி.

"புள்ள, டொக்டரம்மா சொன்ன எடத்தை வாசி. சீனி புற்றுநோயா மாறும்னு எழுதி வச்சிருந்தா வெட்டிடு. வாயைக் கட்டிக்கிட்டு கிளினிக் போற பொம்பளைங்க படிப்பாங்க. மெதுவா வாசி, சத்தமா."