குருணைக் கஞ்சி அண்டா

என் வாய்க்கு எங்கள் தெருவில் ஒரு பேர் உண்டு. நல்ல பேர் இல்லை. குழாயடியில் என் குடத்தைக் கண்டால் மற்ற குடங்கள் தானாக நகரும். அப்பேர்ப்பட்ட வாய், பேசியே ஆக வேண்டிய ஒரு நாளில் அரை மணி நேரம் மூடிக்கொண்டது. ஏன் மூடிக்கொண்டது என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் எங்கள் ஊர். நூல் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று தின்று இருமல் வந்து, "போதும்டா சாமி, மாடு வளத்துப் பொழச்சுக்கிறேன்" என்று வேலையை விட்டு நின்றவள் நான். என் மாமியார் வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. கலப்பினக் கிடேரிக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து வளர்த்தேன். செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஆனால் வளர வேண்டிய வேகத்தில் அது வளரவில்லை. முதல் கோடையில் மேலெல்லாம் விலா தெரிந்தது. ஒருவழியாகச் சினை பிடித்து, அந்தச் சித்திரையில் ஏழு மாதம். முதல் ஈத்து. இடுப்பு சிறுத்த மாடு எப்படி ஈனப்போகிறதோ என்று எனக்குத் தூக்கம் இல்லை.

கொட்டகையில் கீற்றைப் பிரித்துவிட்டுத் தகரம் போடச் சொன்னதும் நான்தான். வருஷா வருஷம் கீற்று மாற்ற யாரால் முடியும்? பதினோரு மணிக்கெல்லாம் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றால் மண்டை வெடிக்கும். கிடேரி வாயைப் பிளந்து இரைக்கும். கோழை கோழையாக எச்சில் ஒழுகும். வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சினை பார்க்க வந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பொறுமையாகத்தான் சொன்னாள். "அக்கா, தீனி செரிக்கும்போது மாட்டு வயித்துக்குள்ளயே சூடு உண்டாகும். வெயில் சூடு வேற மேல ஏறுது. ரெண்டையும் தாங்க முடியாமத்தான் அது தீனியக் கொறைக்குது. வெள்ளன ஒருக்க, வெயில் தாழ ஒருக்க வையுங்க. நடுப்பகல்ல தண்ணிய மட்டும் காட்டுங்க. சாப்பிடலியேன்னு அரிசி, சோறு, மாவுன்னு எதையும் வச்சிராதீங்க."

"சரி டாக்டரம்மா" என்றேன். மனசுக்குள் வேறு ஓடியது. வயிற்றில் ஒன்றைச் சுமப்பது பட்டினி கிடக்கிறது, நாம் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதா? பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்றால் பிடித்ததைச் செய்து ஊட்ட மாட்டோமா?

ஊரில் மாரியம்மன் கோயில் பொங்கல் வந்தது. அன்றைக்குக் காலையில் ரேஷன் அரிசிக் குருணையை ஓர் அண்டா நிறையக் குழையக் காய்ச்சினேன். அவசரத்தில் அடி பிடித்துவிட்டது. ஆற வைத்து, உப்புக் கல் போட்டு, தொட்டியில் கவிழ்த்தேன். கிடேரி நாக்கைச் சுழற்றிச் சுழற்றித் தொட்டியைத் துடைத்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு அப்படித் தின்கிறது! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அண்டாவை அங்கேயே போட்டுவிட்டு, பந்தியில் இலை போட ஓடினேன்.

மறுநாள் விடியும்போது கிடேரி படுத்திருந்தது. தட்டினேன், எழவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கியதும் எழுந்து குடிகாரன் மாதிரி தள்ளாடி நின்றது. வயிறு இடப்பக்கம் உப்பி, கை வைத்து அமுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம். சாணி நீராக ஊற்றியிருந்தது. புளித்த மாவு வாடை.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். பூந்தோட்ட வேலைக்காரர், அதிகம் பேச மாட்டார். "நேத்து மத்தியானம் பந்தியில மிச்சம் விழுந்த சோத்த ஒரு வாளி கொண்டாந்து வச்சேன். ஆசையாத் தின்னுச்சு" என்றார்.

அவ்வளவுதான். நான் பிடித்துக்கொண்டேன். "அறிவு இருக்கா உங்களுக்கு? டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னது காதுல விழலையா? சினை மாட்டக் கொல்லப் பாக்குறீங்களே, நீங்கள்லாம் மனுசனா?" தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா, "விடு ஆத்தா, தெரியாமச் செஞ்சுட்டாரு" என்றாள். "தெரியாதா? அம்புட்டும் தெரியும் இவருக்கு!" என்று அவளையும் சேர்த்து ஏறினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தகரத்தின் மேல் போட ஈரச் சாக்குகளை அள்ளிக்கொண்டு போனார்.

கத்திக்கொண்டிருக்கும்போதே நடுவில் எனக்குச் சுருக்கென்றது. குருணைக் கஞ்சி. திரும்பித் தொட்டியைப் பார்த்தேன். அண்டா அங்கே இல்லை. நான்தான் உள்ளே எடுத்து வைத்திருப்பேன் போல என்று ஒரு நிம்மதி. சீ, அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

டாக்டரம்மா எட்டு மணிக்கு ஸ்கூட்டியில் வந்தாள். வெயில் ஏற்கெனவே சுள்ளென்று அடித்தது. காய்ச்சல் பார்த்தாள், வயிற்றில் காதுக்குழாய் வைத்துக் கேட்டாள், உதடு சுருங்கியது. "என்ன தின்னுச்சு? எவ்வளவு?"

"ஒரு வாளி சோறு" என்றார் அவர்.

"அது மட்டுந்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சோறு வயித்துல புளிச்சு அமிலமா மாறியிருக்கு. சாதாரணமா மாட்டோட எச்சில் உள்ள போயி அந்தப் புளிப்ப அடக்கும். இது வெயில்ல இரைச்சு எச்சிலப் பூராம் வெளிய விட்டுருக்கு. ஒரு வாளின்னா மருந்துலயே சமாளிச்சிரலாம். அதுக்கு மேலன்னா கொழாய் விட்டு வயித்தக் கழுவணும். சினை மாட்டுக்கு அது பெரிய இம்சை, தேவையில்லாமச் செய்ய மாட்டேன்."

"அது மட்டுந்தாம்மா" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். தெருவும் என்னைப் பார்த்தது. இப்போதுதானே அந்த மனுஷனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன். மாமியார் வீட்டுச் சிரிப்புதான் காதில் கேட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

சோடா மாவைக் கரைத்து ஊற்றினாள். ஊசி போட்டாள். சிறுமலைப் பக்கமிருந்து ஒரு துளி காற்று இல்லை. சாக்கில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகி ஓடியது. கிடேரி பல்லை நறநறவென்று கடித்தது. கண் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "கேக்க வேண்டிய மருந்துக்குக் கேக்கலையே" என்று முனகினாள். இன்னொரு ஊரில் ஈன முடியாமல் ஒரு மாடு கிடப்பதாக போன் வந்துகொண்டே இருந்தது. பெட்டியை மூடினாள். "மத்தியானம் திரும்ப வாரேன். தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க."

ஸ்கூட்டி கிளம்பிவிட்டது. கிடேரி முன்னங்காலை மடித்துப் பொத்தென்று விழுந்தது.

"டாக்டரம்மா!" என்று தெரு முனைவரைக்கும் செருப்பில்லாமல் ஓடினேன். "நானும் வச்சேன். ஓர் அண்டா குருணைக் கஞ்சி. காலையிலயே வச்சேன். நாந்தான் மொதல்ல வச்சேன்."

அவள் என்னை ஒன்றும் திட்டவில்லை. வண்டியைத் திருப்பினாள். திட்டியிருக்கலாம்.

கிடேரியின் வாயில் கட்டை கொடுத்து, தடிக் குழாயை உள்ளே இறக்கினாள். அவர் அதன் தலையை மார்போடு அணைத்துப் பிடித்தார். நான் குடம் குடமாக வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தேன். ஊற்ற ஊற்ற, கூழாகப் புளித்த குருணையும் சோறும் வந்தன. எது அவர் வைத்தது, எது நான் வைத்தது என்று அதில் யார் பிரிக்க முடியும்? தெரு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தது. குளுக்கோஸ் பாட்டில்கள் இரண்டு ஏறின. மூன்று மணி வாக்கில் கிடேரி தானாக எழுந்து நின்று ஒன்றுக்குப் போனது. "பொழச்சிரும். ஆனா வயித்துல இருக்கிறதுக்கு உறுதி சொல்ல முடியாது" என்றாள் டாக்டரம்மா.

கை கழுவ அடுப்படிக்குப் போனேன். அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. அடிப்பிடித்த கருப்பு ஒரு பொட்டு இல்லாமல் நார் போட்டுத் தேய்த்திருந்தது. நான் அப்படித் தேய்க்கிறவளே இல்லை.

"எப்பக் கழுவுனீங்க?" என்றேன்.

"விடியக்காலம். மாடு கெடந்த கெடையப் பாத்துட்டு, நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி."

"தெரிஞ்சுதான் அம்புட்டு ஏச்சையும் வாங்குனீங்களா? ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"மில்ல விட்டுட்டு வந்து மாட்டையும் கொன்னுட்டாளேன்னு உன்னயச் சிரிப்பாங்க. நான் ஏச்சு வாங்குனா என்ன, பழகுனதுதானே."

"நான் சொல்லாட்டி அது செத்திருக்குமேங்க!"

"நீ சொல்லிருவேன்னு நெனச்சேன்" என்றார்.

ஒன்பதாம் நாள் காலையில் கிடேரி கன்றைப் போட்டுவிட்டது. உயிர் இல்லை. கிடேரிக் கன்று, நெற்றியில் அதே வெள்ளைப் பொட்டு. வெயிலாலா, வயிற்றுப் புளிப்பாலா, குழாய் விட்ட இம்சையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா. "அந்த அரை மணி நேரம் முன்னாடியே சொல்லியிருந்தா?" என்று கேட்டேன். அவள் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவர் கன்றைச் சாக்கில் சுற்றித் தோட்டத்துத் தென்னைக்கு அடியில் புதைத்துவிட்டு வந்தார். நான் கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றே காத்திருந்தேன். தெருவும் அதற்குத்தான் காத்திருந்தது.

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். கிடேரியின் காதைத் தடவினார்.

"வெயில் ஏறுது" என்றார். "தண்ணி காட்டுனியா அதுக்கு?"