ஒரு சர்க்கரை குறைந்த ரத்தம்

அர்ச்சுனனைத் திட்டாமல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியுமா, பார்ப்போம்.

பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் ஊர் கோலா சாவாவில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவனுக்கு எல்லாமே தங்கை வள்ளிநாயகிதான். கோயிலில் ரத்ததானம் என்றால் முதல் ஆளாகக் கையை நீட்டுவான். நான்கு வருடத்துக்கு முன் அப்படிக் கொடுத்த பிறகுதான் ரத்த வங்கியில் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் மாதவி பொறுமையாக விளக்கியிருக்கிறார். ரத்த அணுவின் மேல் சின்னச் சின்னச் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. நம்முடையது எது, அந்நியம் எது என்று உடம்பு அதை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. எல்லாருக்கும் இருக்கும் ஒரு சர்க்கரை இவன் சங்கிலியில் இல்லை.

“இனிப்பு நீரா டாக்டர்?” என்று சர்க்கரை வியாதியை நினைத்துக் கேட்டிருக்கிறான் இவன்.

“அது வேற, இது வேற அண்ணே. சாதா டெஸ்ட்ல உங்க ரத்தம் ‘ஓ’ன்னுதான் காட்டும். ஆனா ‘ஓ’ ரத்தம் ஏத்துனா உங்க உசுருக்கே ஆபத்து. தங்கச்சிக்கும் இப்படி இருக்கலாம், கட்டாயம் கூட்டிட்டு வாங்க.”

கூட்டிப் போகவில்லை. வள்ளியின் மகள் லோகேஸ்வரியை அந்த வாரம்தான் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். குடும்பத்து ரத்தத்திலேயே குறை என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயம். வள்ளியிடம்கூட மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான்.

“கல்யாணம் முடியட்டும் லா, அப்புறம் பாத்துக்கலாம்.”

கல்யாணம் முடிந்தது. பேரப்பிள்ளை பிறக்கட்டும் என்றான். மடையன்.

போன மாசியில் ரந்தாவ் சாலையில் வள்ளி ஓட்டிப்போன மோட்டாரை ஒரு கார் இடித்துத் தள்ளியது. ரத்தம் நிற்கவில்லை. உயிர் போகிற அவசரத்தில் எங்கும் செய்வதைத்தான் ஆஸ்பத்திரியில் செய்தார்கள், ‘ஓ’ ரத்தம் ஏற்றினார்கள். சேதி கேட்டு அர்ச்சுனன் லாரியை வழியிலேயே போட்டுவிட்டு அங்கே ஓடிச் சேர்ந்தபோது இரண்டாவது பை பாதி இறங்கியிருந்தது.

“நிப்பாட்டுங்க! என் ரத்தத்த எடுங்க!”

எடுத்தார்கள். ஒரு பைதான் எடுக்க முடிந்தது. அதற்குள் ஒத்துக்கொள்ளாத ‘ஓ’ ரத்தத்தால் அவள் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

கருமாதியன்று வள்ளியின் சம்பந்தி ராமகிருஷ்ணன் முன்னால் எல்லாவற்றையும் கொட்டி அழுதான். அந்த மனிதர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்குப் போயா மறைச்சீங்க? சொல்லியிருந்தா நானே கார்ல கூட்டிட்டுப் போயிருப்பேனே!”

லோகேஸ்வரி என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, உங்களுக்கும் தெரியுமா?”

தெரியும் என்றேன். அன்றிலிருந்து அவள் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை.