பெட்டி டாக்டரின் வெப்சைட்

பெட்டி டாக்டர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். பயணப் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பது அவள் தொழில். சக்கரம் கழன்றது, ஜிப் வாயைப் பிளந்தது, கைப்பிடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிப்பது, எதுவானாலும் மடியில் கவிழ்த்துப் போட்டு ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். "இது பிழைச்சுக்கும்" என்பாள். அவள் கைவிட்ட பெட்டி என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கையையும் நீட்டினால் சுவர் இடிக்கும். ஒரு சுவர் முழுக்க ஆணியில் மாட்டிய சக்கரங்கள், அளவுவாரியாக. எதிர்ச் சுவரில் பலகை போட்டு, பிஸ்கட் டப்பாக்களில் ரிவெட் ஆணியும் திருகாணியும். நடுவில் மேஜை, அதன்மேல் கழுத்து வளையும் ஒரு விளக்கு, அவள் உட்காரும் குட்டை ஸ்டூல். ரப்பரும் பசையும் கலந்த வாசனைக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவளுக்கு அது இல்லாவிட்டால் கை ஓடாது.

முன்பு பைகள் செய்யும் ஒரு கம்பெனியில் ரிவெட் அடித்துக்கொண்டிருந்தாள். அதை இழுத்து மூடியபோது கூட இருந்தவர்கள் வேறு கம்பெனி தேடி ஓடினார்கள். இவள் மட்டும், "பூட்டத் தெரிஞ்சவளுக்குக் கழட்டத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுக் கடை போட்டாள். ஊர் ஊராகச் சுற்றும் பெட்டிகளோடு நாளெல்லாம் குடித்தனம் நடத்துகிறாளே தவிர, அவள் தொலைதூரம் எங்கேயும் போனதில்லை. அதற்காக அவள் ஏங்கியதும் இல்லை. பெட்டி போய் வந்தால் சரி.

வாசலில் பஸ் ஸ்டாப் இருந்தவரை கடை ஜோராகத்தான் ஓடியது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் போர்டைப் பார்ப்பார்கள், வீட்டில் உடைந்து கிடக்கும் பெட்டி ஞாபகத்துக்கு வரும், அடுத்த நாள் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாலையை அகலப்படுத்திய மகராசர்கள் ஸ்டாப்பைத் தெருக்கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து கடை காற்று வாங்க ஆரம்பித்தது. அவளும் ஏற்கெனவே துடைத்த சக்கரங்களையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். ஓர் ஆபீசில் பில் பிரிவில் வேலை அவருக்கு. வெப்சைட் எப்படிச் செய்வது என்று எங்கெங்கோ பார்த்து, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையெல்லாம் தியாகம் செய்து, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, மனைவியின் கடைக்குத் தன் கையாலேயே ஒரு வெப்சைட் செய்து கொடுத்தார்.

அதைத் திறந்ததும் நீல வானம் வரும். பஞ்சுப் பொதியாக மேகம் வரும். அப்புறம் ஒரு விமானம், யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்பதுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கும். அதன் வாலில் கடையின் போன் நம்பர். விமானம் போய்ச் சேர்ந்த பிறகு எழுத்து வரும்: 'உங்கள் பயணம், எங்கள் பெருமை!' அதற்குக் கீழே பனிமலை, கடற்கரை, கைகோத்து நடக்கும் ஒரு ஜோடி. 'எங்கள் நிபுணர் குழு' என்று ஒரு பத்தி வேறு. குழு என்றால் அவளும் அவள் சுத்தியலும்தான்! பெட்டி, ரிப்பேர் ஆகிய இரண்டு சொற்களும் அடியோ அடியில், பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடந்தன.

சொந்தபந்தம் எல்லாம் புகழ்ந்து தள்ளியது. "அண்ணா, இதைப் பாத்தா எனக்கே எங்கயாவது கிளம்பிப் போயிடலாம் போல இருக்கு!" என்றாள் நாத்தனார். அவர் காதுவரை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள் பெட்டி டாக்டர். அவளுக்கும் சந்தோஷம்தான்.

போனும் வரத்தான் செய்தது.

"மேடம், ரெண்டு பேருக்குப் போக வர டிக்கெட் என்ன ஆகும்?"

"இது பெட்டி ரிப்பேர் கடைங்க."

"அப்புறம் எதுக்குங்க ஏரோப்ளேன் விடறீங்க?" என்று எரிந்து விழுந்தார் ஒருவர். நியாயமான கேள்விதான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்பார்: "இன்னிக்குப் போன் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

அது பொய் இல்லை. எதற்காக வந்தது என்று அவர் கேட்டதில்லை. அவளாகச் சொல்லவும் இல்லை. பலமுறை நாக்கு நுனிவரை வந்ததுண்டு. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவாள். கூலி கொடுத்துச் செய்தது என்றால் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இது ஆசையாகச் செய்தது, அதுவும் அவளுக்காக.

இப்படியே நாள் போனபோது, பெரிய சாலையில் புதுப் பெட்டிகள் விற்கும் கடையின் மேனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். குளுகுளு அறை, கண்ணாடித் தடுப்பு, சுழலும் நாற்காலி, மாதச் சம்பளம். வேலை என்னவென்று கேட்டதற்கு, "பழைய பெட்டிய எடுத்துக்கிட்டு வருவாங்கம்மா. நீங்க பாத்துட்டு, இது இனி ஆகாதுன்னு சொல்லணும். தொழில் தெரிஞ்சவங்க சொன்னா நம்புவாங்க. புதுசு வாங்கிட்டுப் போவாங்க" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

'இது பிழைச்சுக்கும்' என்றே சொல்லிப் பழகிய வாய் அவளுடையது. இருந்தாலும் மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். திரும்பி வந்து தன் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் இருந்த சக்கரங்களை வெறித்துப் பார்த்தாள். ஆள் வராத கடையை எத்தனை காலம் திறந்து வைப்பது? போய்விட வேண்டியதுதான் என்று பாதி முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் பட்டும்படாமல், "ஒரு நிலையான வேலைக்குப் போனா என்னங்க?" என்று கேட்டுப் பார்த்தாள். "உன் இஷ்டம்" என்றார் அவர். ஆனால் முகம் தொங்கிப்போயிற்று. "இவ்வளவு போன் வருதே, அப்புறம் ஏன்?" என்று மட்டும் கேட்டார். தட்டைக் கழுவும் சாக்கில் அவள் எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரமே அவர் ஆபீஸ் படியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். லீவு போட்டு வீட்டில் இருந்தவருக்குப் பொழுது போகவில்லை. நொண்டிக்கொண்டே கடைக்கு வந்து, கவிழ்த்த பெட்டி ஒன்றின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நீ வேலையப் பாரு. போனை நான் பாத்துக்கறேன்" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மணி அடித்தது. தன் ஆபீஸ் குரலில் "வணக்கம், சொல்லுங்க" என்றார். "என்னது, டிக்கெட்டா? இல்லீங்க, தப்பா வந்திருக்கு" என்று வைத்தார். அடுத்தவர் கடற்கரைப் பக்கம் அறை கிடைக்குமா என்றார். அதற்கடுத்தவர் விசாவும் நீங்களே வாங்கித் தருவீர்களா என்றார். வீட்டுக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவளோ, ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு, அங்கே ஏதோ புதையல் இருப்பதுபோல் துழாவிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். ஒற்றைச் சக்கரத்தில் தள்ளாடும் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். "அப்பாடா, இந்தக் கடைதானா? தெருத்தெருவா விசாரிச்சு வரேன். நாளைக்குக் காலையில ஊருக்குப் போகணும். போன்லயும் தேடினேன், ஏதோ டிராவல்ஸ்தான் வந்துச்சு."

பெட்டி டாக்டர் சுவரிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து அளவு பார்க்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். தன் போனில் வெப்சைட்டைத் திறந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "கோவிச்சுக்காம ஒரு உதவி பண்ணுங்கம்மா. சக்கரம் மாத்துவாங்களான்னு இதுல பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பெண் விமானத்தைப் பார்த்தாள். அதன்மேல் விரலால் தட்டிப் பார்த்தாள். அது பாட்டுக்குப் பறந்தது. பனிமலைவரை போய்ப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ரொம்ப அழகா இருக்கு சார். ஆனா இதை எதுக்கு எங்கிட்ட காட்டறீங்க?"

அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்புக் குறைவு என்றுகூட அவர் சொல்லவில்லை, குறைவாகத்தான் இருந்தது. போச்சு, மனுஷன் உடைந்துவிட்டார் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

காலையில் பார்த்தால், அவளுக்கு முன்னால் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார்! கடைக்கு வந்து விளக்கை நகர்த்தி மேஜையில் இடம் பிடித்தார். "வர்றவங்க வாயைத் திறந்ததும் முதல்ல என்ன சொல்றாங்க?"

"சக்கரம் போச்சும்பாங்க. ஜிப் மாட்டிக்கிச்சும்பாங்க. பூட்டு நம்பர் மறந்து போச்சும்பாங்க."

"அப்புறம்?"

"சரியாகுமா, எப்பக் கிடைக்கும். அவ்வளவுதாங்க. ஊருக்குக் கிளம்பற அவசரத்துல வேற எதுவும் காதுல ஏறாது."

அவர் அதை அப்படியே தட்டினார். முதல் படமாக உடைந்த சக்கரத்தைப் போட வேண்டும் என்று அவள் சொன்னபோது மட்டும் சண்டை வந்தது.

"உடைஞ்சதையா? திறந்ததும் துக்க வீடு மாதிரி இருக்காதா?"

"தேடறவங்க கையில உடைஞ்ச பெட்டிதானேங்க இருக்கு? அட, நம்மளோடது மாதிரியேன்னு நிப்பாங்க."

சக்கரம் ஜெயித்தது. நிபுணர் குழு கலைக்கப்பட்டது. அந்த இடத்தில் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அவள் படம் வந்தது. தலையைச் சீவிக்கொண்டு வருகிறேன் என்றவளை அவர் விடவில்லை. புது பஸ் ஸ்டாப்பிலிருந்து கடைக்கு வரும் வழியையும் போட்டோ எடுத்துப் போட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, கட்டை விரல் படும் அளவுக்குப் பெரிய பொத்தான், ஊதா எழுத்தில்: 'உடைந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். சரியாகுமா, எப்போது கிடைக்கும் என்று சொல்கிறோம்.' கடைசியாக விமானத்தை நீக்க வேண்டி வந்தபோது அவர் விரல் தயங்கியது.

"ஒரு ஓரமா, சின்னதா இருக்கட்டுமா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சரி சரி" என்று அவரே அழித்துவிட்டார்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. டிக்கெட் கேட்டு வந்த போனும் நின்றுபோனதால் கடையே நிசப்தமாகிவிட்டது. தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குக் கைகால் ஓடவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம், பல் போன ஜிப் ஒன்றின் போட்டோ வந்தது. "ஆகும், சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்று பதில் போனது. அரை மணியில் ஆள் வந்துவிட்டது. அதன் பிறகு வளைந்த கைப்பிடி வந்தது, பூட்டு வந்தது, எலி கடித்த மூலை வந்தது. என்ன கோளாறு என்று போட்டோவிலேயே தெரிந்துவிடுவதால் வேண்டிய சாமானை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்வாள். ஊரின் மறுகோடியிலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். வந்தவர்கள் நேராக அவளிடம், "படத்துல இருக்கறது நீங்கதானே?" என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் கால் வைத்திருந்த பெட்டிக்கும் வேலை முடிந்து ஆள் வந்துவிட்டதால், அவர் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

மாதக் கடைசியில் மேனேஜரே போன் செய்தார். அப்போது அவள் மடியில் ஒரு பெட்டி, வாயில் இரண்டு திருகாணி. அவற்றை எடுத்துவிட்டு, "மன்னிக்கணும் சார், நான் வரல. எனக்கு இங்கயே வேலை இருக்கு" என்றாள். அவர் ஏதோ சொல்ல, "இல்ல சார், நல்லா யோசிச்சுட்டேன்" என்று வைத்தாள். நெஞ்சு லேசாகி, சிரிக்கலாமா அழலாமா என்று இருந்தது.

வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். லேப்டாப்பை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இந்த டிக்கெட் போனெல்லாம் ஆரம்பத்துல இருந்தே வந்ததுதானே?"

"ம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் திருகாணியை முடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"வெப்சைட் சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பதிலா, கடையே போனாலும் போகட்டும்னு இருந்தியா?"

"ஆமாங்க" என்றாள் அவள். "கடை போனா வேற வேலை பாத்துக்கலாம். நீங்க தூக்கம் கெட்டு எனக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுத்தீங்க. அதைப் போய் நல்லா இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

அவர் சுவரில் இருந்த சக்கரங்களைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இனிமே சொல்லு" என்றார். "எதுவா இருந்தாலும் சொல்லு. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவேன். அப்புறம் தானா எறங்கிடும்."

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"அந்த ஊதா எழுத்து கண்ணைக் குத்துதுங்க."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். லேப்டாப்பையும் திறந்தார்.