சீர்வரிசையில் வந்த கம்ப்ரஸர்

அன்னவாசல் கடைவீதியில் செல்வராணி அழகு நிலையம் திறந்த அன்று, அவளுடைய அண்ணன் மதுரைவீரன் பொறந்த வீட்டுச் சீர் கொண்டுவந்தான். முன்னால் கொட்டு. பின்னால் பழத்தட்டு, குத்துவிளக்கு, பட்டுச்சேலை. கடைசியில் ஒரு லோடு வண்டி. அதன் மேல் மாலை போட்டு, சந்தனம் தெளித்து, ஒரு சிவப்புக் கம்ப்ரஸர். லாரி டயருக்குக் காற்றடிக்கிற அதே பெல்ட் மெஷின். சனம் கைதட்டியது. செல்வராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபையில் வைத்துச் சீரை வேண்டாம் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் எந்தத் தங்கச்சிக்கும் வாய் வராது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் காலில் விழுந்து கும்பிட்டாள்.

அவள் கேட்டது இதையில்லை. திருச்சிக்கு பஸ்ஸில் போய்ப் போய் ஏர்பிரஷ் மேக்கப் படித்தவள் அவள். பேனா அளவுக்கு ஒரு கருவி. அதன் கிண்ணத்தில் ஃபவுண்டேஷனை ஊற்றி, முகத்தில் பனி மாதிரிப் படியவைக்கிற வேலை. காற்று கொஞ்சமாக வரவேண்டும், ஒரே அளவாக வரவேண்டும், எண்ணெயோ தண்ணீரோ கலந்து வரக்கூடாது. எண்ணெய் ஊற்றாமலே ஓடுகிற சின்ன மெஷின், கூடவே சின்ன டேங்க், காற்றைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர், ஈரத்தைப் பிடித்துவைக்க ஒரு குப்பி. இவ்வளவுதான். போனில் அண்ணனிடம் மூன்று தரம் சொன்னாள். படமும் அனுப்பினாள்.

அவன் அந்தப் படத்தைத் தன் டயர் கடைக்கு வந்த லாரிக்காரர்களிடம் காட்டிச் சிரித்தான். "மீன்தொட்டிக்குக் காத்து விடுற சாமானாட்டம் இருக்கு. இதைக் கொண்டுபோயி சீருன்னு எறக்குனா ஊருல என் மூஞ்சில காறித் துப்ப மாட்டானுகளா?" அவளுடைய புருசன் ஆனந்தராஜிடம் கேட்டான். "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும் மச்சான்" என்றார் அவர். கம்ப்ரஸர் விற்கிறவனிடம் கேட்டான். கேட்காமல் விட்ட ஒரே ஆள், அதை வைத்து வேலை செய்யப்போகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிணிக்கு ட்ரையல். ஹரிணி கல்யாணப் பெண், செல்வராணிக்கு முதல் ஏர்பிரஷ் ஆர்டர். "முகத்துல திட்டுத்திட்டா இருந்துச்சுன்னா நான் திருச்சிக்கே போயிருவேன்க்கா" என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள். முதல் ஆர்டர் திருச்சிக்குப் போனால் இரண்டாவது ஆர்டர் இந்த ஊரிலிருந்து வராது.

அதனால் சனிக்கிழமை காலையிலேயே மெஷினை ஓட விட்டாள். சத்தம் கேட்டுப் பக்கத்து மெடிக்கல்காரர் வெளியே ஓடிவந்து எட்டிப் பார்த்தார். ஏர்பிரஷை அதில் மாட்டித் தன் முழங்கையில் அடித்துப் பார்த்தாள். ஒரு கணம் படிந்தது. அடுத்த கணம் பொளிச்சென்று துப்பியது. துடைத்த துணியில் கிரீஸ் வாடை.

போன் போட்டாள். மதுரைவீரன் ஸ்பேனரோடு வந்தான். நேற்றுச் சீர் கொண்டுவந்தபோது போட்ட வெள்ளைச் சட்டை இன்னும் உடம்பிலேயே இருந்தது.

"ஒனக்குப் பழக்கமில்லத்தா. கேஜைப் பாரு, காத்து முந்நூறு பவுண்டு வரைக்கும் இருக்கு."

"எனக்கு வேண்டியது பத்துண்ணே."

"முந்நூறு இருக்குற எடத்துல பத்து இருக்காதா?"

"இருந்தா காட்டு."

அவன் திருகினான். முள் எழும்பவில்லை. இன்னும் மயிரிழை திருகினான். முள் நாற்பதுக்குத் தாவியது. குறைத்தான், செத்துப்போனது. கூட்டினான், தாவியது. வியர்த்துக்கொண்டே, "ஏறக்குறைய இருந்தா என்னா, காத்துதானே?" என்றான்.

"உக்காரு."

"என்னாது?"

"அந்த நாற்காலில உக்காரு. காத்துதானே? ஓம் மூஞ்சில அடிக்கிறேன். கண்ணை மூடு."

விளையாட்டென்று நினைத்து உட்கார்ந்தான். செல்வராணி நெற்றியில் ஆரம்பித்தாள், கன்னத்துக்கு வருவதற்குள் மெஷின் துப்பியது. மூக்கில் பழுப்பு, கழுத்தில் ஒரு ஒழுகல், வெள்ளைச் சட்டையில் எண்ணெய்ப் புள்ளிகள். கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நாளைக்கு இந்த மாதிரி ஒரு கல்யாணப் பொண்ணை அனுப்பி வைக்கவாண்ணே?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அதுதான் செல்வராணிக்குத் தாங்கவில்லை. "மூணு வாட்டி சொன்னேன்! படம் அனுப்பிச்சேன்! லாரிக்காரன்கிட்ட கேட்ட, அவருகிட்ட கேட்ட. எங்கிட்டக் கேட்டா ஒன் வாய் வெந்துருமா? இது என் தொழில்ண்ணே. ஓம் பெருமையைக் கொண்டாந்து என் கடைக்குள்ள நிறுத்தி வச்சிருக்க!"

அவன் சட்டையைத் துடைத்தான். புள்ளிகள் பரவின. "திருப்பிக் கொண்டுபோனா ஊருல கேப்பானுகளே."

"தங்கச்சி வேணாம்னுட்டான்னு சொல்லு. எனக்கொண்ணும் வெக்கமில்ல."

அவன் கம்ப்ரஸரை ஏற்றிப்போக வண்டிக்கு ஆள் தேடப் போனான். செல்வராணி ஆனந்தராஜைக் கிளப்பிக்கொண்டு திருச்சி பஸ் ஏறினாள்.

அங்கே மேக்கப் சாமான் விற்கிற கடைக்காரர் அவளைத் தாண்டி ஆனந்தராஜைப் பார்த்தார். "சாருக்கு என்ன மாதிரி வேணும்?"

"சாருக்கு ஒண்ணும் வேணாம். மேக்கப் போடப்போறது நான்" என்றாள். ஆனந்தராஜ் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

முதலில் காட்டியதில் டேங்க் இல்லை. காற்று விட்டுவிட்டு உதறியது. இரண்டாவதில் டேங்க் இருந்தது. ரெகுலேட்டரில் இருபது வைத்து ஏர்பிரஷின் பட்டனை அழுத்தினாள், முள் பதினாலுக்கு இறங்கியது. "சும்மா இருக்கயில காட்டுறது பொய் அளவுங்க" என்று சொல்லி, அழுத்திப் பிடித்தபடியே திருகிப் பத்தில் நிறுத்தினாள். முள் அசையவில்லை. குப்பியைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டினாள். "இதைக் கட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஹரிணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்தை மீறித் தன் கல்யாணச் சேலையின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் முடிந்து கண்ணாடியைப் பார்த்தவள், "அக்கா, முகூர்த்தத்தன்னிக்கு விடியக்காலையிலயே வந்துருங்க" என்றாள்.

வாசலில் மதுரைவீரன் நின்றிருந்தான். வேறு சட்டை. மெஷினையும் அவள் கையையும் மாறிமாறிப் பார்த்தான்.

"எத்தனைல வச்சிருக்க?"

செல்வராணி திரும்பவில்லை. "பத்து."

"கம்மியா இல்ல?"

"இல்ல. அங்கிட்டு நில்லுண்ணே, வெளிச்சத்தை மறைக்காத."

அவன் நகர்ந்து நின்றான்.