சாமி மேடையில் மோட்டார் சாவி

அந்தக் காணொளியை அம்மாவிடம் காட்டியிருக்கவே கூடாது. ஆனால் காட்டாமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் ஊரான தம்போயிலிருந்து காஹாங் வரை நான் மோட்டார் ஓட்டிப் போன பயணம் முழுவதும், ஹெல்மெட்டின் தாடையில் ஒட்டிய சின்னக் கேமராவில் பதிவாகி, ஒரு நிமிடமாகச் சுருங்கியிருந்தது. சிவப்பு விளக்குகளில் நின்றதையெல்லாம் வெட்டி எறிந்திருந்தேன். மேகங்கள் ஓடின. செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சரசரவென்று போயின. எதிரே வந்த லோரிகள் விசுக்கென்று மறைந்தன. எனக்கே தலை சுற்றியது, சந்தோஷத்தில்.

அம்மா முழுவதையும் பார்த்தார். எழுந்து போய், ஆணியில் தொங்கிய மோட்டார் சாவியை எடுத்து, சாமி மேடையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அங்கிருந்து எடுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் நண்பர்கள் மூன்று பேரோடு, ஆளுக்கொரு மோட்டாரில், பெக்கோக் அருவிக்குப் போவதாக இருந்தது. படம் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. சாவி முருகனிடம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விளக்கிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். கேமரா விட்டு விட்டுத்தான் படம் பிடிக்கும், அவற்றைக் கோத்து ஓடவிட்டால் வேகமாகத் தெரியும் என்று தாளில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினேன். என் மோட்டார் பழைய கப்சாய், சின்ன எஞ்சின் வண்டி, இறக்கத்தில் தள்ளிவிட்டால்கூட அந்த வேகம் போகாது என்றும் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“படிக்காதவன் பொய் சொன்னா ஒரு வரியில சொல்லுவான். நீ படம் போட்டுச் சொல்ற.”

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மறுநாள் ஞாயிறு. அவரைப் பின்னால் உட்கார வைத்து, அதே ரோட்டில், காஹாங்கில் இருக்கும் சின்னம்மா வீடு வரைக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால் சாவி எனக்கு.

இந்தத் தடவை கேமராவை இடப்பக்கக் கண்ணாடிக் கம்பியில், என் முகத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டினேன். கண்ணை ரோட்டிலேயே வைத்திருந்தேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே.

வழியெல்லாம் முதுகில் குத்து. மெதுவா போ, லோரி வருது, வளைவு வருது, நாய் பாக்குது. ஓரிடத்தில் சைக்கிளில் வந்த சீனத் தாத்தா ஒருவர் எங்களை முந்திக்கொண்டு, அம்மாவுக்குத் தலையாட்டிவிட்டுப் போனார். அப்படியும் சின்னம்மா வீட்டில் இறங்கியதும், உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம் என்று அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வீடு திரும்பியதும் சாவி நேராக முருகனிடம் போய்விட்டது.

சாயங்காலம் தொங்கிய முகத்தோடு போனில் வெட்டி ஒட்ட உட்கார்ந்தேன். திரையில் நான், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி விறைப்பாக. என் தோளுக்கு மேலே இரண்டு கைகள்.

குலாய் தாண்டியதும் அம்மா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்திருந்தார். துப்பட்டா பறந்தது. ஹெல்மெட்டுக்குள் வாயெல்லாம் பல். நடுநடுவே ஒரு கை வந்து என் முதுகில் குத்திவிட்டு, திரும்பப் போய் விரிந்துகொண்டது. சிவப்பு விளக்கு வந்தால் இரண்டும் மடிக்குள் ஒடுங்கிவிடும், முகம் கோயில் வரிசையில் நிற்கிற முகமாகிவிடும். பச்சை விழுந்ததும் மறுபடி விரியும். இந்தத் தடவை சிவப்பு விளக்கு ஒன்றைக்கூட நான் வெட்டவில்லை.

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, போனை அம்மாவிடம் நீட்டினேன்.

“அலமாக், யாரு லா இந்தப் பொம்பளை? கொஞ்சமாச்சும் பயம் இருக்கா பாரு.”

மறுபடி போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. அதற்கப்புறம், இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடவிட முடியுமா என்று கேட்டார்.

எழுந்து சாமி மேடைக்குப் போனார். சாவியில் திருநீறு ஒட்டியிருந்தது. என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“பெக்கோக்குக்கு உன் பின் சீட்டு காலிதானே?”

நண்பர்கள் குழுவில் செய்தி போட்டேன்: நாலு மோட்டார், அஞ்சு ஹெல்மெட்.