ஏழுக்கு அடுத்து ஒன்பது

கோதுமை மாவில் காய்ச்சிய பசை மழைக்காலத்தில் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, புளித்துவிடும். பத்தாம் ஆண்டில் நான் படித்த வகுப்பறையை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது அந்தப் புளித்த வாடைதான். கூடவே ஈரச் சப்பாத்துகளின் நாற்றம், தகரக் கூரையில் மழை இறங்கும் இரைச்சல். பின்பக்கச் சுவர் முழுக்கப் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, அதன்மேல் எங்கள் தோட்டத்தின் சரித்திரத்தை நாங்களே எழுதிக்கொண்டிருந்தோம்.

நோட்டன் பிரிட்ஜில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் ஏறினால் வருகிற தோட்டம் அது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் படிப்படியாக வெட்டிய மட்டங்களில் நாங்கள் குடியிருந்த நீள வீடுகள், அதாவது "லயங்கள்" நின்றன. ஒவ்வொரு லயத்தின் பக்கச் சுவரிலும் தாரால் ஒரு எண் எழுதியிருக்கும். ஒற்றை அறையும் முன்னால் ஒரு சின்ன இடமுமாக ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய பகுதியைக் "காம்பரா" என்போம். ஒன்பதாம் லயத்தின் நான்காவது காம்பராவில் பிறந்தவள் நான்.

நஸீமா டீச்சருக்கு எங்கள் பாடசாலைதான் முதல் நியமனம். ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண், தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, குடையைச் சுருக்கிக்கொண்டே ஏறி வருவார். வந்த மாதமே எங்களை எழுப்பி நிற்கவைத்துச் சிரித்தார். "அனுராதபுரத்து ராசாக்கள் பேரெல்லாம் வரிசையாச் சொல்றீங்க. ஒங்க பூட்டன் இந்தத் தோட்டத்துக்கு எப்ப வந்தாருன்னு ஒருத்தருக்கும் தெரியலையே?" மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். லயத்துக்கு இரண்டு பேர் போக வேண்டும், வீட்டுக்கு வீடு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இங்கே எப்போது வந்தீர்கள், அதற்கு முன் இந்த இடத்தில் என்ன இருந்தது, இதற்கு ஏன் இந்தப் பெயர். கேட்டு வந்ததை ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் சுவரில் பென்சிலால் எழுதலாம். தொடர்பில்லாத இன்னொருவரும் அதையே சொன்னால்தான் மை.

இரண்டு வாரம் திருவிழாவாக இருந்தது. தண்டல் எடுக்கிறவர்களைப் போலக் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கினோம். ஒருத்தன் தன் பூட்டனின் பெயர் பொறித்த பித்தளை வில்லையைக் கொண்டுவந்து காட்டினான். எங்கள் கோயில் சூலம் கப்பலில் வந்ததா, ஆட்கள் கால்நடையாகச் சுமந்து வந்ததா என்று இரண்டு குழுக்களுக்குள் அடிதடி நடந்தது.

வகுப்பில் நன்றாக வரையத் தெரிந்தவள் விஜிதா. தோட்டத்தின் படத்தை அவள்தான் வரைந்தாள். லயங்களைப் பெட்டி பெட்டியாகப் போட்டு எண் எழுதிக்கொண்டே வந்தவள், நடுவில் நிறுத்தித் திரும்பினாள். "டீச்சர், ஏழு இருக்கு, ஒன்பது இருக்கு. எட்ட எங்க போடுறது?"

எல்லாரும் சிரித்தோம். பிறகு அந்தச் சிரிப்பு எப்படியோ நின்றுபோனது. அந்த எண்களைப் பார்த்தபடியே வளர்ந்த நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. டீச்சர் ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் பென்சிலால் ஒரு வெற்றுப் பெட்டி போட்டார். "கேட்டுட்டு வாங்க" என்றார்.

நாங்கள் கேட்டோம். "எண்ணத் தெரியாத வெள்ளக்காரத் தொரை போட்ட நம்பரு புள்ள" என்றார் ஒருவர். எட்டு ராசியில்லாத எண் என்றார் இன்னொருவர். கோயில் பூசாரி, "வெளக்கு வைக்கிற நேரத்துல அதக் கேக்காத" என்று உள்ளே போய்விட்டார். ஆளுக்கொரு பதில் வந்தது. ஆனால் எல்லாப் பதில்களுக்கும் முன்னால் ஒரே மாதிரி ஒரு சின்ன மௌனம் இருந்ததை, பதினைந்து வயதிலும் என்னால் கவனிக்க முடிந்தது.

என் அப்பா முத்தையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அவரிடமும் கேட்டேன். கல்லில் கத்தி நின்றது. "யாரு கேக்கச் சொன்னா?"

"நஸீமா டீச்சருங்கப்பா."

என் கொப்பியை வாங்கினார். அந்தப் பக்கத்தை மட்டும் நிதானமாகக் கிழித்து அடுப்பில் போட்டார். "சரித்திரம் படிக்கத்தான் அனுப்புனேன். தோண்டுறதுக்கு இல்ல." என்னை அடித்திருந்தால் கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மறுநாள் காலை, மலையூற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிற "பீலி"யில் குடம் வைத்தபோது, அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஒங்கப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்க. அதுக்கு மேல கேக்காத."

எனக்குச் சொன்னது, உறவில்லாவிட்டாலும் நாங்கள் எல்லாரும் அத்தை என்று கூப்பிடும் பாக்கியம் அத்தை. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தவர், நாற்பது வயது இருக்கும், கொழுந்து பறிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் கேட்காமலே என்னைக் கூப்பிட்டார். வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கைப் பிழிந்துகொண்டே பேசினார்.

"மொதல்ல கதவு சாத்த முடியாமப் போச்சு. ஈரத்துல பலகை ஊதிருச்சுன்னு சொன்னாங்க. அப்பறம் பீலியில தண்ணி செவப்பா வந்துச்சு. மூணாம் நாளு தண்ணியே நின்னுருச்சு. அவ்வளவு மழையில தண்ணி எப்புடி நிக்கும்? யாரும் யோசிக்கல. எனக்கு ஆறு வயசு. வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள விடுற பிள்ளைக் காம்பராவுல என்னைய விட்டுட்டு, எங்கம்மா காய்ச்சல்னு வீட்டுலயே படுத்துட்டாங்க. வேலைக்குப் போனவங்க எல்லாம் சத்தம் கேட்டு ஓடியாந்து பாத்தா, எட்டாம் லயம் இல்ல."

"அது எங்க இருந்துச்சு அத்தை?"

அவர் பிழிந்த படங்கை உதறிக் கொடியில் போட்டார். காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இதுதான். மண்ண மட்டம் பண்ணி, அதுக்கு மேலதான் இந்த லயத்தக் கட்டுனாங்க. எட்டுதான் அப்பக் கடைசி லயம். மறுபடி எட்டுன்னு போட்டா யாரும் குடி வரமாட்டாங்கன்னு ஒன்பதுன்னு போட்டாங்க."

நான் அந்தத் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா எங்கள் கதவின் அடிப்பக்கத்தை இழைத்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்தில் அது இரண்டாவது தடவை.

டீச்சர் என் கொப்பியை நின்றபடியே வாசித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தார். "இதச் சொல்லக்கூடிய ஆளு வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். கொப்பியைக் கிழித்த கையும், அம்மா சொன்ன அந்த ஒற்றை வாக்கியமும் எனக்குத் தெரியும். "தெரியாது டீச்சர்" என்றேன். வெற்றுப் பெட்டிக்குள் பாக்கியம் அத்தை சொன்னது பென்சிலில் ஏறியது.

அன்று பாடசாலை விட்டதும் டீச்சர் பஸ்ஸுக்குப் போகாமல் எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். பின்பக்க மழைநீர்க் கானை ஒட்டி மண்ணில் ஒரு பிளவு ஓடியது, கோழிகள் தாண்டிப் போகிற அளவு. குனிந்து அதற்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று. கையைத் துடைக்காமலே பாதையில் இறங்கினார். பாடசாலை அதிபரிடமும் அதிகாரிகளிடமும் சொன்னது அவர்தான். மழை கனத்தது. அதிபர் மண்டபத்தைத் திறந்துவிட, ஒன்பதாம் லயத்துக் குடும்பங்கள் பாயும் சட்டியுமாக இறங்கி வந்தன, பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே. அப்பாவும் வந்தார். நான்கு நாளும் ஒரு மூலையில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது.

மலை விழுந்திருந்தால் எங்களை மன்னித்திருப்பார்கள் என்று பின்னாளில் நினைத்ததுண்டு. "என்னா டீச்சர், மலை வந்துச்சா?" என்று பஸ் நிற்கும் இடத்தில் இளவட்டங்கள் கேட்டார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் அதிபரின் அறைக்கு வந்து போனார்கள், என்ன பேசினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் அதிபரே நின்று சுவரிலிருந்த தாள்களை உரித்தார். பசை பிடித்த இடங்களில் மட்டும் துண்டு துண்டாக ஏதோ ஒரு சாமிப் படத்தின் காலும் கையும் மிஞ்சின. பாடசாலைத் தவணை முடிவில் டீச்சருக்கு இடமாற்றம் வந்தது. போகும்போது என்னிடம் கேட்டார்: "நான் பிழையாச் சொல்லிட்டேன்னு நினைக்கிறீங்களா?" என் வாயில் அப்பாவின் பெயர் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன், அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

பிறகு வந்தது ஒரு நீண்ட அமைதி. அந்த அமைதியைத்தான் நான் இன்று அதிகம் பயத்தோடு நினைக்கிறேன். லயங்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்தபோது எண்களையும் ஒழுங்குபடுத்தினார்கள், ஒன்பது எட்டாகிவிட்டது, பத்து ஒன்பதாகிவிட்டது. கேள்வி கேட்க ஓர் ஓட்டை கூட மிச்சமில்லை. பாக்கியம் அத்தை நோயில் இறந்தார். விஜிதா கொழும்புக்குக் கல்யாணம் கட்டிப் போனாள். நான் படித்து, ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் சரித்திரமே கற்பிக்கிறேன். எங்களோடு வந்து இருக்கும்படி எத்தனையோ தடவை கூப்பிட்டும், அப்பாவும் அம்மாவும் அந்தக் காம்பராவை விட்டு வரவில்லை. மழை கனக்கும் நாட்களில் தொலைபேசியை எடுத்தால், அப்பா நான் கேட்கும் முன்பே, "தண்ணி நல்லாத்தான் வருது" என்று சொல்லிவிடுவார். வேறெதையும் நாங்கள் பேசியதில்லை.

கடந்த பெருமழையில் இரண்டு நாள் தொலைபேசி வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள்தான் விவரம் தெரிந்தது. ஒரு மத்தியானம் பீலி நின்றிருக்கிறது. அறுபத்தைந்து வயது அப்பா காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டி, "எந்திரிச்சு வாங்க, மலை சரியில்ல" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பழைய ஆட்களுக்கு அது போதும். அவர் முகத்தைப் பார்த்ததும் பாயைச் சுருட்டியிருக்கிறார்கள். டயகம பக்கமிருந்து இரண்டு வருடம் முன்பு வந்து கடைசிக் காம்பராவில் குடியேறிய இளம் புருஷன் பெண்சாதியும், எல்லாரும் போகிறார்களே என்று நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு இறங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை மழை விட்டது. வெளிச்சம் கூட வந்ததாம். பிள்ளைக்கு மாற்றுத் துணியும் கொஞ்சம் அரிசியும் எடுத்து வருவதாகச் சொல்லி, பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு விளையாட விட்டுவிட்டு, இருவரும் மேலே ஏறிப் போனார்கள். அப்பா அந்த நேரம் தேநீர் வரிசையில் நின்றிருக்கிறார்.

பாதை திறந்த அன்றே போனேன். லயம் இல்லை, பீலி இல்லை, பின்னால் நின்ற கொய்யா இல்லை. தேயிலை நிரைகளைச் சீப்பால் வாரி எடுத்ததுபோல் மேலிருந்து கீழ்வரை சிவப்பு மண் மட்டும். மண்டபத்தில், நாங்கள் அன்று படுத்த அதே சீமெந்துத் தரையில், குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. மண் காய்ந்தால் அங்கே நல்ல மட்டமான இடம் கிடைக்கும் என்று யாரோ யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. அந்தப் பிள்ளை என் அம்மாவின் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

அப்பா என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். "அந்த டீச்சரு இப்ப எங்க இருக்காங்க?"

மாத்தளைப் பக்கம் படிப்பிக்கிறார் என்று தெரியும். ஆசிரியர் நண்பர்களிடம் விசாரித்து எண்ணை வாங்கி, அழைத்துக் கொடுத்தேன். அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் குரல் வெளியில் கேட்கும்படி வைத்தேன்.

"டீச்சர், நான் முத்தையா பேசுறேங்க. நோட்டன் பிரிட்ஜுல, ஒங்ககிட்ட படிச்ச பிள்ளையோட அப்பா."

டீச்சருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. செய்தியில் பார்த்திருக்கிறார். "எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?" என்று பதறிக் கேட்டார்.



"இல்லங்க டீச்சர். புதுசா வந்த ரெண்டு பேரு போயிட்டாங்க. எட்டாம் லயம் போனப்ப எனக்குப் பத்து வயசு. மண்ணுலருந்து எங்கக்காவ எடுத்தப்ப அடையாளம் காட்டுனது நான்தான். எனக்கு எல்லாம் தெரியுங்க. அன்னைக்கு ஒங்ககிட்டயும் சொல்லல. இந்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லல."

டீச்சர், "இப்பச் சொல்லுங்க" என்றார்.

அப்பா சொல்லத் தொடங்கினார். தன் அக்காவின் பெயரிலிருந்து தொடங்கினார். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். மண்டபத்தில் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.