மேய்ப்பன் ஆட்டின் காலை உடைப்பானா? கேட்டு வர நெய்வேலி போனேன்

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோபம். ஊர் சுற்றிப் பார்க்க யாரும் நெய்வேலிக்குப் போவதில்லை, நானும் போகவில்லை. 2016 பிப்ரவரி கடைசி வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். அதற்கு முந்தைய ஞாயிறு எங்கள் சபையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணிக்கு ஆட்டுக்கிடையில் என்ன வேலை என்று நினைப்பீர்கள்.

அன்றைக்குப் பாஸ்டர் நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அடிக்கடி வழிதவறி ஓடும் ஆட்டின் காலை மேய்ப்பனே உடைப்பானாம். பிறகு கட்டுப் போட்டு, ஆறும் வரைக்கும் தோளில் சுமப்பானாம். கால் கூடியதும் அந்த ஆடு அவனை விட்டு ஒரு அடி நகராதாம். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். நம்ம சிஸ்டரையே பாருங்கள் என்றார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. என் வலது காலில் முட்டிக்குக் கீழே இரும்புத் தகடும் எட்டு ஸ்க்ரூவும் இருக்கின்றன. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி என் ஸ்கூட்டியை இடித்துத் தள்ளியது. அது ஞாயிற்றுக்கிழமை காலை. ஆபீஸில் ஆடிட் இருந்ததால் ஆராதனைக்குப் போகாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போதாதா? பிரசங்கத்துக்கு உதாரணம் தயார்.

ஆராதனை முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறு நான் மைக் முன்னால் நின்று, கர்த்தருடைய நாளை மீறியதற்கு ஆண்டவரே என் காலை உடைத்துச் சிட்சித்தார் என்று சாட்சி சொல்ல வேண்டுமாம். யோசிக்கிறேன் என்றேன். சாட்சி சொல்லத் தயங்குகிறவரிடம் பிள்ளைகளை எப்படி நம்பி விடுவது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பதினோரு வருஷமாக ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் டீச்சர். எனக்குக் குழந்தை இல்லை. வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்திருப்பேன். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டினேன். தேடிப் போகிற மேய்ப்பன் இருக்கிறார், தூக்கிச் சுமக்கிற மேய்ப்பன் இருக்கிறார். காலை உடைக்கிறவரைக் காணவில்லை. ஆனால் இது ஆட்டுக்காரர்கள் வழக்கம் என்று பாஸ்டர் அடித்துச் சொன்னாரே. சரி, ஆட்டுக்காரரையே கேட்டுவிடுவோம் என்று நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டிருக்கிறார்கள், கிளம்பி வா என்றான். கிடை என்றால் ராத்திரி முழுக்க ஆடுகளை ஒருவருடைய வயலில் மடக்கி வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயலுக்குப் போவார்கள்.

தாம்பரத்தில் மதியம் 1:30க்கு கும்பகோணம் பஸ். டிக்கெட் 105 ரூபாய், 175 கிலோமீட்டர். நெய்வேலி ஆர்ச் கேட்டில் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பண்ருட்டியில் பதினைந்து நிமிஷம் நின்றது. ஜன்னலுக்கே வந்த முந்திரி பாக்கெட் ஐம்பது ரூபாய், பாதி உடைசல். ஆர்ச் கேட்டில் இறங்கும்போது மணி 6:10. கால் சரியில்லாதவர்கள் கண்டக்டர் விசிலுக்குப் பயப்படாமல் நிதானமாக இறங்குங்கள், பஸ் எங்கேயும் ஓடிவிடாது.

தம்பி செகண்ட் ஷிப்ட்டுக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தான். குவார்ட்டர்ஸில் சாப்பிடும்போது அவன் மெதுவாக ஆரம்பித்தான். "எதுக்குக்கா வம்பு? ரெண்டு நிமிஷம் அவர் சொன்னதைச் சொல்லிட்டு உக்காந்துடு. க்ளாஸ் உன்கிட்டயே இருக்கும்." நியாயமான பேச்சுதான். ஐந்து நாளாக நானும் எனக்கே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஆண்டவர் செய்யாத ஒன்றை அவர் செய்தார் என்று அவர் சந்நிதியிலேயே சொன்னால் அதற்குப் பெயர் சாட்சியா என்று கேட்டேன். அவன் எனக்கு இன்னொரு தோசை வைத்தான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆட்டோ வந்தது. போக வர 36 கிலோமீட்டர், வெயிட்டிங் சேர்த்து 500 ரூபாய். ஓட்டுநர் குமார், ஆடு வாங்கவா மேடம் என்று கேட்டார். இல்லை, ஒரு கேள்வி கேட்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வடலூர் தாண்டிச் சேத்தியாத்தோப்பு ரோட்டில் கொஞ்ச தூரம் போய், சுரங்கத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி மண் ரோட்டில் இறங்கினோம். 6:45க்குக் கிடை முன்னால் நின்றேன்.

அங்கேதான் என் முதல் தப்பு தெரிந்தது. விடிந்ததும் ஆடுகளை மேய ஓட்டுவார்கள், அதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று அரக்கப்பரக்க வந்திருந்தேன். நூற்று முப்பது ஆடுகளும் கிடையைச் சுற்றிக் கட்டிய வலைக்குள்ளேயே நின்று கத்திக்கொண்டிருந்தன. ஆட்டுக்காரர் செல்வராசு பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அஞ்சலை உலை வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். பனி காயாமல் அவிழ்த்துவிட மாட்டார்களாம். ஈரப்புல்லைத் தின்றால் வயிறு ஊதிக்கொள்ளுமாம். "அதுங்க கத்திக்கினுதான் இருக்கும். கத்தட்டும்ங்க" என்றார் செல்வராசு. எங்கள் சபையில் அடைத்த கதவு என்றாலே தண்டனை என்றுதான் சொல்லுவார்கள். இங்கே அடைத்திருந்தது வயிற்றுக்காக. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். வலையின் ஓரத்தில், குட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு இளம் பெட்டை ஆடு படுத்திருந்தது. முன்னங்காலில் மூங்கில் பட்டை வைத்துத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. ஐயோ, பாஸ்டர் சொன்னது நிஜம்தானா? இவ்வளவு தூரம் வந்து அவர் பக்கம் சாட்சியைக் கண்டுபிடித்துக் கொடுக்கத்தானா? திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் கேட்டே விட்டேன். ஓடுகிற ஆடு என்று நீங்களே இதன் காலை உடைத்தீர்களா?

செல்வராசு வாய் கொப்பளிப்பதை நிறுத்தினார். "நான் ஏங்க ஒடைக்கப் போறேன்? இப்பிடி யாரு சொன்னது?"

எங்கள் பாஸ்டர் என்றேன். அவர் ஆடு வைத்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அஞ்சலை அடுப்பிலிருந்து தலையைத் திருப்பி, "அப்ப கறிக்கடை வெச்சிருக்காருங்களா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்த வாரத்தில் நான் முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தக் கால் உடைந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வயல்காரர் அவசரப்படுத்தினார் என்று செல்வராசு மந்தையை வேகமாக ஓட்ட, வாய்க்கால் பாலத்தில் இரண்டு சிலாப்புக்கு நடுவே அதன் கால் மாட்டிக்கொண்டதாம். இரண்டு கிலோமீட்டர் தோளில் தூக்கி வந்திருக்கிறார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசிக் கட்டுப் போட்டிருக்கிறார். ஒருவேளை ஆடுதான் கூட்டத்தை விட்டு விலகிப் போயிருக்குமோ என்று விடாமல் கேட்டேன். "ஓட்டுனது நானுங்க. அது மேல இன்னா தப்பு?" என்றார். ஒன்றரை வருஷமாக எனக்கு இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை.

அதை வண்டியில் ஏற்றினால் கட்டு அசைந்துவிடும். தனியாக விட்டுவிட்டுப் போனால் தீனி எடுக்காமல் பட்டினி கிடக்கும். அதனால் மொத்த மந்தையும் இதே இடத்தில் நின்றுவிட்டது. இவர்களுக்காகக் காத்திருந்த அடுத்த வயல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கிடையைக் கூப்பிட்டுக்கொண்டார். ஒரு ஆட்டுக்காக நூற்று முப்பது நிற்கிறது, இதை ஒரு சாதனையாகக்கூட அவர்கள் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். கால் கூடினதும் இது உங்களை விட்டு நகராதாமே? செல்வராசுக்கு வெட்கமாகிவிட்டது. "அட நீங்க ஒண்ணு. கட்டு கட்டுனப்ப வலிச்சுதுல்ல, அதிலேந்து என்னக் கண்டா மூஞ்சத் திருப்பிக்குது. அவ கையாலதான் தழ திங்குது. திருப்பிக்கினு போவட்டும், கால் கூடுனா சரி."

கூட்டத்தை விட்டு ஓடுகிற ஆட்டை என்ன செய்வீர்கள் என்றதற்கு, கழுத்தில் மணி கட்டுவோம் என்றார். எங்கே போனாலும் காது அதன் மேலேயே இருக்குமாம். என் வகுப்பில் ஓடிக்கொண்டே இருக்கிற மூன்று பேர் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் அவர்களை நான் மூலையில் நிற்க வைத்திருக்கிறேன். பாஸ்டரைத் திட்டிக்கொண்டே வந்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

செல்வராசுவைப் புனிதராக்கி எழுதினால் அதுவும் பொய். மண்கட்டியை எடுத்து வீசுகிறார், இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் ஆடுகளைத் திட்டுகிறார். வளர்ந்த கிடாக்களைக் கறிக்கு விற்கிறார். அதைக் கேட்டதற்கு மழுப்பவில்லை. "விக்கறோங்க. வித்தா வித்தேன்னுதான் சொல்லுவோம். உன் நல்லதுக்குத்தான்னு சொல்லிக் கால ஒடைக்கறதில்ல." நம் மேய்ப்பரான ஆண்டவர் இவரைவிடப் பெரியவர் என்றுதானே பாடுகிறோம்? அப்படியானால் ஒரு ஆட்டுக்காரரே செய்யக் கூசுகிற காரியத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். நம்மைக் கண்டிக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் குடிபோதையில் ஓட்டிய லாரிக்கும், ஆஸ்பத்திரியில் பார்க்காமல் விட்ட காய்ச்சலுக்கும் அவர் கையெழுத்தைப் போட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை. இதற்கு எந்தச் சபையில் என்னை நிறுத்திக் கேட்டாலும் இதே பதில்தான்.

போக நினைக்கிறவர்களுக்கு: பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை போங்கள். காலை 8:30க்கு முன்னால் போய்ப் பிரயோஜனம் இல்லை, எங்கள் மந்தை அவிழ்ந்தபோது மணி 8:50. டீக்கடை பக்கத்தில் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். வரப்பு மேடு பள்ளம், கைத்தடி வேண்டும். குட்டிகளைக் கேட்காமல் தூக்காதீர்கள். முக்கியமாக, போதிக்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். அவர்கள் நம் மதம் இல்லை, நம் உவமைகளுக்குப் பொறுப்பும் இல்லை. மதியம் 2:15க்கு ஆர்ச் கேட்டில் பஸ் கிடைத்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன்.

ஞாயிறு ஆராதனையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். என் காலை உடைத்தது தண்ணீர் லாரி, ஓட்டியவர் குடித்திருந்தார், அந்தப் பழியை ஆண்டவர் மேல் போட எனக்கு மனசு வரவில்லை என்றேன். செல்வராசு சொன்னதைச் சொன்னேன். கறிக்கடை வரைக்கும் வந்தபோது மைக் அணைந்துவிட்டது. மீதியை மைக் இல்லாமல் சொல்லி முடித்தேன். சகோதரியின் இருதயம் கடினப்பட்டிருக்கிறது, ஜெபியுங்கள் என்றார் பாஸ்டர். அன்றைக்கே வகுப்பு வேறொருவர் கைக்குப் போனது. பிள்ளைகள் ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினார்கள். நானும் காட்டினேன். ஆனால் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்க மாட்டேன்.

செருப்பு போடக் குனிந்தபோது ஒருத்தி என் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தாள். கிரேஸ், பாடகர் குழுவில் பாடுகிற பெண், இருபத்தாறு வயது இருக்கும். போன வருஷம் அவளுடைய ஆறு மாசக் குழந்தை, ஆஸ்பத்திரியில் சரியாகப் பார்க்காமல் விட்ட காய்ச்சலில் இறந்துபோனது. அடக்க ஆராதனையிலும் இதே உடைந்த கால் கதைதான் சொன்னார்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப, என் பாப்பா செத்தது நான் பண்ண தப்புக்கு இல்லியாக்கா?"

இல்லை என்றேன். அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இல்லை என்றேன். அவள் கேட்டு முடிக்கும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.